அகராதி பிடித்த ஆட்டம்!

‘உற்சாகம்’ என்பதற்கு ஓர் அரிய ஆங்கிலச் சொல்லைக் கற்றுக்கொண்டால் என்ன கிடைக்கும்? ரீல்ஸ் முதல் ஸ்பெல்லிங் பீ மேடை வரை ஒரு சுற்று.

2022 ஜூன் 2, வியாழக்கிழமை இரவு. அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் நேஷனல் ஹார்பர் என்ற இடம். வெளிச்சம் கொட்டும் மேடையில் 14 வயதுப் பெண் ஒருத்தி நிற்கிறாள். கையெட்டும் தூரத்தில் ஒரு பொத்தான். மொத்தம் 90 விநாடி. அறிவிப்பாளர் சொல்லை வாசிப்பார். அவள் எழுத்துக் கூட்டிவிட்டுப் பொத்தானைத் தட்ட வேண்டும். தட்டியதும் அடுத்த சொல். வேர் என்ன, எந்த மொழி, வாக்கியத்தில் எப்படி வரும் என்றெல்லாம் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. எழுத்துகள் பட்டாசுச் சரம்போல வெடித்துக்கொண்டே போகின்றன. நேரம் முடிந்தபோது அவள் கணக்கில் 21 சரியான சொற்கள். எதிர்த்து நின்ற சிறுவனுக்கு 15.

டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவைச் சேர்ந்த ஹரிணி லோகன், அந்த ஆண்டின் ஸ்கிரிப்ஸ் தேசிய ஸ்பெல்லிங் பீ (ஆங்கில எழுத்துக்கூட்டுப் போட்டி) சாம்பியன். பரிசு 50,000 டாலர். கோப்பையை உறுதிசெய்த சொல் ‘மூர்ஹென்’. நம் ஏரிக்கரைகளில் சிவப்பு நெற்றியோடு தலையை ஆட்டி ஆட்டி நீந்துமே, அந்தத் தாழைக்கோழிதான்.

ஆனால் அந்த இரவில் எல்லாரையும் பதறவைத்த சொல் வேறு. சற்று முன்னால், அர்த்தம் கேட்கும் சுற்றில் ‘புல்லுலேஷன்’ என்ற சொல் வந்தது. பறவைகள் கூடி இனம்பெருக்கக் கூடுகட்டுவது என்ற பொருளைத் தேர்ந்தெடுத்தாள் ஹரிணி. தவறு, தேனீக்கள் மொய்ப்பதுதான் சரி என்று மணியடித்து அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறகு நடுவர்கள் அகராதியைப் புரட்டிப் பார்த்தார்கள். அந்தச் சொல்லுக்கு இனப்பெருக்கம், முளைவிட்டுப் பெருகுதல் என்ற பொருள்களும் உண்டு. அதன் லத்தீன் வேர் ‘புல்லஸ்’ என்றால் குஞ்சு. அவள் சொன்னதையும் ஏற்கலாம் என்று முடிவாகி, திரும்ப அழைக்கப்பட்டாள். பிறகுதான் அந்த 90 விநாடி.

எழுத்துக்கூட்டுவதில் மன்னர்களான பிள்ளைகளே அர்த்தத்தில் தடுமாறுகிறார்கள். அர்த்தம் கேட்ட நடுவர்களே அகராதியில் தடுமாறுகிறார்கள். அரிய சொற்களின் மேல் நமக்கிருக்கும் மோகத்தைப் பற்றிப் பேச இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

‘வெரி எக்சைட்டட்’ என்று சொல்லாதே!

கைபேசியைத் திறந்தால் இந்த வகை வீடியோ ஒன்றாவது கண்ணில் படாமல் போகாது. கோட்டு போட்ட ஒருவர் விரலை ஆட்டுகிறார். “வெரி எக்சைட்டட் என்று சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். இதைச் சொல்லுங்கள்.” திரையில் ஒரு சொல் பளிச்சிடும். எபுல்லியன்ட், எக்ஸூபரன்ட், ஃப்ரெனெட்டிக். இவையெல்லாம் பழசாகிவிட்டால் இன்னும் ஆழமாகத் தோண்டி ஒன்றை எடுப்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்தோடு ‘இன்றைய சொல்’ வருகிறது. அதை எழுதிவைத்துக்கொண்டு வீட்டில் பிள்ளையைக் கேட்கும் அப்பாக்களும் இருக்கிறார்கள்.

இந்த அலைக்கு இந்தியாவில் ஒரு முகம் உண்டு. 2017 மே 8 அன்று அரசியல்வாதியும் எழுத்தாளருமான சசி தரூர் ட்விட்டரில் ‘ஃபராகோ’ என்ற சொல்லைப் போட்டார். ஒரு தொலைக்காட்சி தன்னைப் பற்றிச் சொன்னவை திரிபுகளின் கதம்பம் என்பது அவர் சொல்ல வந்த விஷயம். அதை விட்டுவிட்டு நாடே அந்தச் சொல்லைத் தேடிக் கிளம்பியது. லத்தீனில் அதற்கு மாட்டுக்குப் போடும் கலப்புத் தீவனம் என்று பொருள். அடுத்த ஆண்டு தன் புத்தகம் ஒன்றை அறிவிக்கும்போது 29 எழுத்துச் சொல் ஒன்றை வீசினார். 2020-இல் 53 அரிய சொற்களைப் பற்றி ‘தரூரோசாரஸ்’ என்று ஒரு புத்தகமே வந்துவிட்டது. தரூர் விளையாடுகிறார், அவருக்கு அது தெரியும். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலர் அதைப் பாடத்திட்டமாக எடுத்துக்கொண்டதுதான் வினை.

தமிழில் ஒருவன் தன் அறிவைத் தேவையில்லாமல் காட்டினால் ‘அகராதி பிடிச்சவன்’ என்போம். இப்போது அந்த வசவுக்குக் கட்டணம் கட்டி வகுப்பில் சேர்கிறோம்.

குறை சொல்லும் முன், அந்த மாதிரிச் சொல் ஒன்றைக் கையில் எடுத்து உண்மையிலேயே கற்றுப் பார்ப்போம்.

மேளம், கைத்தாளம், மருள்

சொல் இதுதான்: ‘கோரிபாண்டிக்’. கட்டுக்கடங்காத, வெறிகொண்ட, உடம்பெல்லாம் துள்ளும் உற்சாகத்தைக் குறிக்கும் பெயரடை. ஆங்கிலத்துக்கு 17-ஆம் நூற்றாண்டில் வந்தது. ஆங்கிலேயர்களிலேயே பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் இதன் பூர்வீகக் கதை நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

இன்றைய துருக்கியின் நடுப்பகுதிக்கு அன்று ஃப்ரிஜியா என்று பெயர். அங்கே மலைமேல் குடியிருந்த தாய்த்தெய்வம் சிபெலி. பக்கத்தில் எப்போதும் சிங்கம். அவளுடைய பரிவாரம்தான் கோரிபாண்டுகள். தலைக்கவசம் அணிந்து, ஆயுதம் ஏந்தி, மேளமும் கைத்தாளமும் குழலும் முழங்க, தன்னை மறந்து ஆடுகிறவர்கள். கிரேக்கர்கள் இந்த ஆட்டத்தைச் சடங்காகவே எடுத்துக்கொண்டார்கள். மனக்குழப்பம் பிடித்தவரை நடுவில் உட்காரவைத்து, சுற்றிலும் ஆடி, கொட்டுச் சத்தத்தை ஏற்றி ஏற்றி, அவரையும் ஆடவைத்துக் குணமாக்குவது. கி.மு. 204-இல் ரோமானியர்கள் சிபெலியின் கருங்கல் உருவை ஆசியாவிலிருந்து தங்கள் நகரத்துக்கே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

பம்பையும் உடுக்கையும் ஒலிக்க மருள் வந்து ஆடும் கோயில் கொடையைப் பார்த்தவருக்கு இதில் எந்த வரிக்கும் உரை தேவையில்லை. இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு இருக்கிறது என்று சொல்லவரவில்லை. புரிந்துகொள்ளும் வழி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் விஷயம். சங்க இலக்கியத்தின் வெறியாட்டு இன்னும் நெருக்கம். காதலில் மெலிந்த மகளைப் பார்த்து, ஏதோ அணங்கு பிடித்திருக்கிறது என்று தாய் வேலனை அழைத்து வெறியாடச் செய்வாள். மகளின் நோய்க்குக் காரணம் யார் என்று தெரிந்த தோழி உள்ளுக்குள் சிரிப்பாள். வெறியாட்டைப் பாடியதாலேயே ‘வெறிபாடிய காமக்கண்ணியார்’ என்று பெயர் பெற்ற புலவரும் உண்டு.

கிரேக்க நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸும் ஏறக்குறைய இதே வேடிக்கையைச் செய்திருக்கிறார். ‘குளவிகள்’ நாடகத்தில் வரும் கிழவருக்கு நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொல்லும் பைத்தியம். மகன் பொறுத்துப் பார்த்துவிட்டு, கோரிபாண்டுச் சடங்கு நடத்திக் குணப்படுத்த முயல்கிறான். கிழவர் சடங்கு மேளத்தோடு நேரே நீதிமன்றத்துக்கு ஓடிப்போய் உட்கார்ந்துகொள்கிறார்!

பிளேட்டோ இதை வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறார். ‘சட்டங்கள்’ என்ற நூலில் அவர் கவனிப்பது தாய்மாரை. தூங்காத குழந்தையைத் தூங்கவைக்க, தாய் அதை அசையாமல் கிடத்துவதில்லை, ஆட்டுகிறாள், பாடுகிறாள். உள்ளே இருக்கும் கலக்கத்தை வெளியிலிருந்து தரும் அசைவு அடக்குகிறது. கோரிபாண்டு ஆட்டமும் அப்படித்தான் வேலை செய்கிறது என்கிறார். தூளியையும் வெறியாட்டத்தையும் ஒரே கயிற்றில் கட்டிய இந்த ஒரு பத்திக்காகவே அந்தச் சொல்லைக் கற்றுக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

வசைச் சொல்லாகி நாகர்கோவில் வரை

19-ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் ஒரு சண்டைக்குப் பயன்பட்டது. 1890-இல் வில்லியம் பூத், இங்கிலாந்து ஏழைகளை மீட்பதற்கான திட்டம் ஒன்றைப் புத்தகமாக வெளியிட்டு நிதி கேட்டார். அவர் நிறுவிய இரட்சணிய சேனை தெருவில் மேளமும் தாளமும் பித்தளை வாத்தியமுமாக ஊர்வலம் போய் ஆள் சேர்க்கும் அமைப்பு. ‘டார்வினின் புல்டாக்’ என்று பெயரெடுத்த விஞ்ஞானி டி.எச். ஹக்ஸ்லிக்கு இது பிடிக்கவில்லை. ‘தி டைம்ஸ்’ நாளிதழுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். அதில் பூத்தின் சமயத்துக்கு அவர் சூட்டிய பெயர் ‘கோரிபாண்டிக் கிறிஸ்தவம்’.

சொல்லின் பூர்வீகம் தெரிந்தால்தான் அந்த அடியின் கூர்மை புரியும். மேளம், கைத்தாளம், படை உடுப்பு, கூட்டப் பரவசம் என்று சேனையிடம் இருந்த அத்தனையும் சிபெலியின் பரிவாரத்திடமும் இருந்தன. ‘ஓவர் எக்சைட்டட்’ என்று எழுதியிருந்தால் அந்தக் கடிதம் மறுநாளே மறந்துபோயிருக்கும்.

வசை வாங்கியவர்கள் வளர்ந்தார்கள். இரட்சணிய சேனை 1882-லேயே பம்பாயில் இறங்கியிருந்தது. பூத்தின் மனைவி பெயரில் நாகர்கோவிலில் இருக்கும் கேத்தரின் பூத் மருத்துவமனை அந்தச் சேனை நடத்துவதுதான்.

பெட்டிச் செய்தி: உற்சாகத்தின் பூர்வீகம்

எந்தூசியாஸ்டிக்: கிரேக்கத்தில் ‘உள்ளே தெய்வம் புகுந்த’ நிலை. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இது பாராட்டு அல்ல. தனக்கு மட்டும் கடவுள் பேசுகிறார் என்று நம்பும் வீணர்களைக் குறித்தது. 1755-இல் சாமுவேல் ஜான்சனின் அகராதியும் அப்படியே பதிவுசெய்தது.

எபுல்லியன்ட்: லத்தீனில் கொதித்துக் குமிழியிடுவது. பொங்கல் பானை நினைவுக்கு வந்தால் போதும்.

எக்ஸூபரன்ட்: வளம் மிகுந்து வழிவது. பால்மடியைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு உறவு.

ஃப்ரான்டிக், ஃப்ரெனெட்டிக்: இரண்டும் மூளைக் காய்ச்சலுக்கான கிரேக்கப் பெயரிலிருந்து வந்தவை.

டெலிரியஸ்: உழவுச் சாலை விட்டு ஏர் விலகிப் போவது. லத்தீன் உழவர் தந்தது.

கங்-ஹோ: சீனத் தொழில் கூட்டுறவுச் சங்கங்களின் சுருக்கப் பெயர். 1938-இல் தொடங்கிய அந்த இயக்கத்தைச் சீனாவில் கண்ட அமெரிக்க மரைன் படை அதிகாரி எவான்ஸ் கார்ல்சன், இரண்டாம் உலகப் போரில் தன் படைக்கு அதை முழக்கமாக்கினார். இன்று ‘அதீத ஆர்வம்’ என்ற பொருளில் கொஞ்சம் கேலியோடு வழங்குகிறது.

ஒரு சொல், உலகச் சந்தை

உற்சாகச் சொல் ஒன்று பங்குச் சந்தையையே ஆட்டிய கதையும் உண்டு. 1996 டிசம்பர் 5 இரவு. வாஷிங்டனில் ஒரு விருந்துக் கூட்டம். அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான் நீளமாக, சலிப்பூட்டும்படி பேசிக்கொண்டிருந்தார். நடுவே ஒரு கேள்வி: பங்கு விலைகள் ‘பகுத்தறிவற்ற உற்சாகத்தில்’ ஏறிக்கிடக்கின்றனவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ‘இர்ரேஷனல் எக்ஸூபரன்ஸ்’ என்ற அந்த இரண்டு சொல் போதுமானதாக இருந்தது. அப்போது திறந்திருந்த டோக்கியோ சந்தை 3 சதவீத அளவுக்குச் சரிந்தது. மற்ற சந்தைகளும் அடுத்தடுத்து ஆடின. அந்தச் சொற்கள் குளியல் தொட்டியில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியவை என்று பின்னாளில் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார்.

‘விலை அதிகம்’ என்று அவர் சொல்லியிருந்தால் இத்தனை ஆர்ப்பாட்டம் இருந்திருக்காது. ஆனால் ‘எக்ஸூபரன்ஸ்’ யாருக்கும் விளங்காத சொல்லும் இல்லை. கேட்ட தரகர்கள் அத்தனை பேருக்கும் உடனே பொருள் தெரிந்தது. ‘கோரிபாண்டிக்’ என்று சொல்லியிருந்தால் டோக்கியோ தரகர் அகராதி தேடிக்கொண்டிருந்திருப்பார்.

தேர்வே கைவிட்ட பட்டியல்

நம் ஊரில் அரிய சொற்களுக்குச் சந்தை உண்டானதற்குத் தேர்வுகள் ஒரு பெரிய காரணம். அமெரிக்காவில் மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வுக்குப் படித்த ஒரு தலைமுறைப் பொறியியல் மாணவர்களுக்கு ‘பாரன்ஸ்’ புத்தகத்தின் 3,500 சொல் பட்டியல்தான் வேதம். ‘ஏ’ வரிசையில் தொடங்கி, ‘சி’ தாண்டுவதற்குள் ‘ஏ’ மறந்துபோய், மறுபடி ‘ஏ’-க்கு வந்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். பழைய புத்தகக் கடைகளில் நார்மன் லூயிஸின் ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’ இல்லாத அடுக்கு கிடையாது. 1949-இல் வந்த புத்தகம், இன்னும் விற்கிறது. அது பரவாயில்லை, வேரிலிருந்து சொல்லைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் புத்தகம்.

பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். அதை உண்டாக்கிய தேர்வுகளே கொஞ்சம் கொஞ்சமாகக் கைகழுவிவிட்டன. அமெரிக்கக் கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. 1994-இல் எதிர்ச்சொல் கேள்விகளை நீக்கியது. 2005-இல் சொல்லுக்குச் சொல் ஒப்புமைக் கேள்விகள் போயின. 2016-இல் கோடிட்ட இடம் நிரப்பும் அரிய சொற்களும் போய், ஒரு பத்தியில் சாதாரணச் சொல் எந்தப் பொருளில் வருகிறது என்று கேட்கத் தொடங்கினார்கள். ஜி.ஆர்.இ. 2011 ஆகஸ்ட்டில் எதிர்ச்சொல், ஒப்புமை இரண்டையும் எடுத்துவிட்டது. தனியாக ஒரு சொல்லின் அர்த்தம் தெரிந்திருப்பது, படித்துப் புரிந்துகொள்ளும் திறனைக் காட்டாது. அதை உருப்போட்டு வாங்கிவிடலாம் என்பதே இந்த மாற்றங்களுக்குப் பின்னால் இருந்த வாதம்.

தேர்வு போய்விட்டது, வியாபாரம் போகவில்லை. நூறு ‘பவர்’ சொற்கள், முப்பது நாளில் சரளம் என்று அதே சரக்கு புதுச் சுருளில் வருகிறது.

பெட்டிச் செய்தி: பரிசு வென்ற கறிவேப்பிலை

ஸ்பெல்லிங் பீ தேசியப் போட்டி 1925-இல் ஒன்பது பிள்ளைகளோடு தொடங்கியது. முதல் வெற்றிச் சொல் ‘கிளாடியோலஸ்’.

இந்திய வம்சாவளியின் முதல் சாம்பியன் பாலு நடராஜன், 1985. சொல் ‘மில்யூ’.

1999-இல் நூபுர் லாலா வென்றதும், அந்தப் போட்டியைப் படம்பிடித்த 2002-இன் ‘ஸ்பெல்பவுண்ட்’ ஆவணப்படமும் இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் அலையைக் கிளப்பின.

2019-இல் அகராதியே தோற்றது. அமைப்பாளர்களிடம் தடுமாறவைக்கும் சொற்கள் தீர்ந்துபோய் எட்டுப் பேரைக் கூட்டுச் சாம்பியன்களாக அறிவித்தார்கள். எட்டில் ஏழு பேர் இந்திய வம்சாவளி.

2021-இல் சைலா அவான்ட்-கார்ட் வென்ற சொல் ‘முராயா’. கறிவேப்பிலை நெடுங்காலம் தாவரவியலில் ‘முராயா கோனிகி’ என்றே அழைக்கப்பட்டது. கோனிகி என்பது யார்? 18-ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, நம் கரையோரச் செடிகளை ஆராய்ந்த யோஹான் கோனிக்.

இரண்டாயிரம் சொல் இல்லாதவருக்கு

மோகத்தின் செலவை யார் கொடுக்கிறார்கள்? சரளமாக ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு ‘கோரிபாண்டிக்’ ஒரு பொம்மை. ஒரு வாரம் விளையாடிவிட்டுத் தூக்கிப் போட்டுவிடும். தமிழ்வழியில் படித்துப் பொறியியல் கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறை மாணவரை நினைத்துப் பாருங்கள். வகுப்பில் சந்தேகம் கேட்க நாலு வாக்கியம் வேண்டும், ஆய்வக அறிக்கை எழுதப் பத்து வாக்கியம் வேண்டும். அவற்றுக்கு வேண்டிய சொற்கள் எல்லாமே சாதாரணமானவை. இந்த நிலையில் ‘எக்சைட்டட்’ என்ற சொல்லே மட்டம், அதைச் சொல்லாதே என்று வீடியோ மிரட்டினால் என்ன ஆகும்? இருக்கிற ஒரு சொல்லையும் பறித்துக்கொண்டு, உச்சரிக்கப் பயமாக இருக்கும் இன்னொன்றைக் கையில் திணிக்கிறார்கள். வேலைக்கான நேர்காணலில் மனப்பாடம் செய்த சுய அறிமுகம் கம்பீரமாகத் தொடங்கி, அடுத்த சாதாரணக் கேள்விக்கே நின்றுபோவதை எந்தக் கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலரும் சொல்வார்.

சாதாரணச் சொற்களே முதலில் வேண்டும் என்பதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நூறாண்டுக்கு முன்பே நம் துணைக்கண்டத்தில் ஒருவர் கண்டுகொண்டார். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் வங்காளத்தில், டாக்காவில், கல்வித்துறையில் பணியாற்றினார். மாணவர்கள் ஆங்கிலப் பாடநூல்களோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியும் தாங்களாக ஒரு பக்கம் படிக்க முடியாமல் தவிப்பதைப் பார்த்தார். பாடநூல்களில் அடிக்கடி தேவைப்படாத சொற்கள் குவிந்திருந்தன. அவற்றை எடுத்துவிட்டு, அடிக்கடி வரும் சொற்களால் கதைகளைத் திரும்ப எழுதினார். புதுச் சொற்களை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு நுழைத்தார். அந்த வேலையின் நீட்சியாக 1953-இல் அவர் வெளியிட்டது ஏறக்குறைய 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியல். உலகெங்கும் ஆங்கிலம் கற்பிப்பவர்கள் பிறகு பல பத்தாண்டுகளுக்கு அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த முதல் இரண்டாயிரம் சொற்குடும்பங்கள் கையில் இருந்தால், சாதாரண ஆங்கில எழுத்தில் சுமார் 80 சதவீதச் சொற்கள் தெரிந்தவையாக இருக்கும். பேச்சில் இன்னும் அதிகம். நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டபடி, நாளிதழையும் நாவலையும் உதவியின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும். கவனியுங்கள், அந்த ஒன்பதாயிரத்திலும் ‘கோரிபாண்டிக்’ கிடையாது. அதற்குப் பல ஆயிரம் படிகள் தள்ளி, அகராதியின் பரணில் இருக்கிறது அது.

பரணில் ஏறுவது குற்றமில்லை. வீட்டுக்கு வாசற்படியே கட்டாதவரைப் பரணில் ஏறச் சொல்லிக் காசு வாங்குவதைத்தான் ஏற்க முடியவில்லை.

பெரிய வார்த்தை, குறையும் மதிப்பு

பெரிய சொல் போட்டால் அறிவாளி என்று நினைப்பார்கள் என்பது இந்த மோகத்தின் ஆணிவேர். அதையும் ஒருவர் சோதித்துப் பார்த்துவிட்டார். டேனியல் ஓப்பன்ஹைமர், அப்போது பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர். பட்ட மேற்படிப்புச் சேர்க்கைக்காக எழுதப்பட்ட கட்டுரைகளை எடுத்து, எளிய சொற்களை நீக்கி நீளமான சொற்களை நுழைத்தார். இரண்டு வடிவங்களையும் வெவ்வேறு ஆட்களிடம் கொடுத்து மதிப்பிடச் சொன்னார். சொல் கடினமாக ஆக ஆக, எழுதியவரின் அறிவைப் பற்றிய மதிப்பு இறங்கியது. படிக்கச் சிரமமாக இருந்தால் எழுதியவர்மேல் குறை தோன்றுகிறது, அவ்வளவுதான். 2006-இல் வெளியான அந்த ஆய்வுக்கட்டுரைக்கு வேண்டுமென்றே வாயில் நுழையாத தலைப்பு வைத்திருந்தார். அதே ஆண்டு, சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசும் அதற்குக் கிடைத்தது.

அரசாங்கங்களும் இதை உணரத் தொடங்கியிருக்கின்றன. அமெரிக்க அரசு அலுவலகங்கள் மக்களுக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்று 2010-இல் அங்கே சட்டமே வந்தது. நம் அலுவலகச் சுற்றறிக்கைகளுக்கு, ஆங்கிலமானாலும் தமிழானாலும், அந்தக் காற்று வீசினால் நல்லது. ‘மேற்படி பொருள் தொடர்பாக’ என்று தொடங்கும் தமிழும் ஒரு வகை ‘பவர்’ சொல்தான்.

பிறகு எப்படித்தான் கற்பது?

அரிய சொல் பிடித்திருந்தால், தாராளமாகக் கற்கலாம். ஸ்பெல்லிங் பீ பிள்ளைகள் செய்வதை உற்றுப் பார்த்தால் வழி கிடைக்கும். அவர்கள் பட்டியலைக் கண்மூடி விழுங்குவதில்லை. மேடையில் நின்று முதலில் கேட்பது சொல்லின் மூலமொழி எது, அதன் பொருள் என்ன என்பதைத்தான். அந்தப் போட்டியில் நெடுங்காலம் சொற்களை வாசித்துவரும் ஜாக் பெய்லி 1980-இன் சாம்பியன். இன்று கிரேக்கமும் லத்தீனும் கற்பிக்கும் பேராசிரியர். வேர் தெரிந்தவருக்கு ஒரு சொல்லோடு பத்துச் சொல் வரும்.

அடுத்தது மறதி. 1885-லேயே ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னைத்தானே சோதித்துக் காட்டிவிட்டார்: ஒரே மூச்சில் படிப்பதைவிட, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பார்ப்பது நிற்கும். இன்று ஒரு சொல், நாளை அதை மறுபடி, மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து. ஒரு நாளைக்கு நாற்பது சொல் என்று பந்தயம் கட்டுவது வீண்.

மூன்றாவதாக, சொல்லுக்கு ஜோடி பார்க்க வேண்டும். ‘கோரிபாண்டிக்’ என்பது ஆட்டத்தோடு, மேளத்தோடு, கட்டுமீறிய கூட்டத்தோடு சேரும். முதல் நாள் முதல் காட்சி, திரையரங்க வாசலில் கட்அவுட்டுக்குப் பாலாபிஷேகம் நடக்கிறதே, அந்தக் கூட்டத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும். ‘நான் இந்த வேலையில் சேரக் கோரிபாண்டிக்காக இருக்கிறேன்’ என்று யாராவது எழுதினால், படிப்பவர் மனதில் தலைக்கவசம் போட்டுக் கைத்தாளம் தட்டும் ஓர் ஆள்தான் வருவார். இந்த நுணுக்கத்தை எந்த முப்பது விநாடி வீடியோவும் சொல்லித்தருவதில்லை. படித்த பக்கங்களிலிருந்துதான் அது ஒட்டிக்கொள்ளும். தரூரும் தன் சொற்கள் அகராதியிலிருந்து வந்தவை அல்ல, சிறுவயதிலிருந்து படித்த புத்தகங்களிலிருந்து வந்தவை என்று பலமுறை சொல்லியிருக்கிறார். அவரைப் பின்பற்றுகிறவர்கள் அந்தப் பகுதியை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ‘ஐ ஆம் வெரி எக்சைட்டட்’ என்று ஓடிவந்தால், சொல்லைத் திருத்தாதீர்கள். எதற்காக என்று கேளுங்கள். அது இன்னும் பத்து வாக்கியம் பேசும். அந்தப் பத்து வாக்கியத்தில் இருக்கிற ஆங்கிலம்தான் நாளைக்கு அதற்குச் சோறு போடும். ‘கோரிபாண்டிக்’கை ஞாயிற்றுக்கிழமை, சிபெலியின் சிங்கத்தோடும் மேளத்தோடும் சேர்த்துக் கதையாகச் சொல்லுங்கள். வேலை விண்ணப்பத்தில் மட்டும் போட்டுவிட வேண்டாம். அதைப் படிக்கும் அதிகாரிக்கும் பெரும்பாலும் தெரிந்திருக்காது.